'லும்' சொல்லும் வரை

இயக்குநர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்த விதத்திலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, கதை கந்தல் என்று.

"ரொம்ப உழைச்சிருக்கீங்கக்கா. அதுல சந்தேகமே இல்ல. ஆனா..."

"ஆனா சண்டை போடற மாதிரி இருக்கு. அதானே?"

"அதேதான்" என்றார் அவர், தன் வாக்கியத்தைப் பறிகொடுத்த முகத்தோடு.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூன்று வயது மூத்த அந்த இயக்குநர் உட்பட. படங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் இல்லாத மொழிகளைச் செய்துகொடுப்பது அவளுடைய தொழில். தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல, ஒரு கூட்டத்துக்கு அளவெடுத்து மொழி தைப்பாள். நல்ல கைத்திறமை, நல்ல காது. பொறுமை மட்டும் இல்லை. பொறுமை என்பது அடுத்தவர்களுக்கு இருக்க வேண்டிய குணம் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். யார் பேச ஆரம்பித்தாலும் முடிவு அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு காத்திருப்பானேன் என்று அவளே முடித்துவிடுவாள். பத்துக்கு எட்டு தடவை சரியாகவும் இருக்கும். கெடுத்ததே அதுதான்.

படம் ஒரு கற்பனைத் தீவைப் பற்றியது. தீவின் மக்கள் பேச ஒரு மொழி வேண்டும், அறுபத்து நான்கு வசனங்கள். அக்கா நாற்பத்தொரு ஒலிகளைத் தேர்ந்தெடுத்தாள். அதில் பதினொன்று அடித்தொண்டையிலிருந்து வருபவை. வினைச்சொல்லுக்கு ஏழு காலங்கள்: நேற்று நடந்தது, பல காலம் முன்பு நடந்தது, நடக்கவிருந்து நடக்காமல் போனது என்று. ஒரு வினைக்கு நூற்றுப் பன்னிரண்டு வடிவங்கள் எழுதிச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தாள். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. கதாநாயகனுக்கு இருமல் வந்ததுதான் மிச்சம்.

"என் ஜனங்க காலையில தூண்டிலைப் போட்டா சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறவங்க. அவங்களுக்கு எதுக்குக்கா இவ்வளவு கோபம்?" என்றார் இயக்குநர். "இன்னும் பத்து நாள்ல ஒத்திகை. வேற ஏதாவது இருந்தா பாருங்க. மெத்துனு ஏதாவது."

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி தலையைப் பிய்த்துக்கொண்டாள். பத்து நாளில் ஒரு மொழி வருமா? வராது. மூன்றாம் நாள் மத்தியானம் பழைய தகரப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். உள்ளே நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருந்தது.

அந்த நோட்டில் இருந்தது அவளும் தம்பியும் செய்த மொழி. அப்போது அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஏழு. தம்பிக்குப் பேச்சு திக்கும். சும்மா இல்லை, க, த, ப இந்த மூன்றும் சொல்லின் தொடக்கத்தில் வந்தால் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நிற்கும். அவனுடைய பெயரே அதில் ஒன்றில்தான் ஆரம்பித்தது. பெயர் என்னவென்று கேட்ட வாத்தியார் பாதியில் அடுத்த பையனிடம் போய்விடுவார். ஒரு நாள் அப்படி அழுதுகொண்டு வந்தவனிடம் அக்கா சொன்னாள்: "அந்த எழுத்தெல்லாம் இல்லாத பாஷை ஒண்ணு பண்ணலாம்டா."

இரண்டு பேரும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து பண்ணினார்கள். சொல்லெல்லாம் உயிரெழுத்திலோ, ம, ந, ய, ல, வ இவற்றிலோதான் தொடங்க வேண்டும். 'ஏமி' என்றால் நான். 'ஆரி' என்றால் பிஸ்கட். முதலில் உண்டான பெயர்ச்சொல்லே அதுதான். 'மிய' என்றால் தின்பது. வினைக்குக் காலம் கிடையாது. நேற்றா நாளையா என்பதெல்லாம் அந்த வயதில் யாருக்கு வேண்டும்? அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: செய்த காரியம் அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்து செய்தால் வினையின் வாலில் 'வே', தெரியாமல் செய்தால் 'யூ'. 'ஏமி ஆரி மியயூ' என்றால், நான் பிஸ்கட்டைத் திருட்டுத்தனமாகத் தின்றேன். அதிகம் புழங்கிய வாக்கியம் அது.

கடைசியாக ஒன்று. வாக்கியம் முடிந்ததும் 'லும்' என்று சொல்ல வேண்டும். அது தம்பி போட்ட சட்டம். ஒருவர் 'லும்' சொல்லும் வரை மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தன் பங்கு பிஸ்கட்டைக் கொடுத்துவிட வேண்டும். அக்கா அந்த வருஷம் நிறைய பிஸ்கட் இழந்தாள்.

நோட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள், பிறகு வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று தோன்றாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வருவான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஓடுகிற லிஃப்டின் சத்தத்தைக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான், அதாவது எழுதிக் காட்டிவிடுவான். வேலையிடத்தில் அவன் பேசுவது குறைவு. போன் என்றால் விஷம். குறுஞ்செய்தி அனுப்புவான், பேசித்தான் ஆக வேண்டுமென்றால் மனைவி பேசுவாள். ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டில் சாப்பாடு. அங்கேயும் அவன் ஒரு சொல்லைத் தொடங்குவான், அக்கா மீதியைச் சொல்லிவிடுவாள், அவன் தலையை ஆட்டுவான். அவனுக்கு உதவி செய்கிறோம் என்றே அவள் நம்பியிருந்தாள். யார்தான் நம்ப மாட்டார்கள்?

இயக்குநர் புது மொழியைக் கேட்டுவிட்டுத் துள்ளாத குறை. 'வே'யும் 'யூ'வும் அவருக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. "கள்ளத்தனத்துக்குன்னே ஒரு விகுதியா! எங்கேருந்துக்கா புடிச்சீங்க?" என்றார். அக்கா மென்று விழுங்கினாள்.

"ஒண்ணே ஒண்ணு. கடைசியில அந்த லும், லும்னு வருதே, அது எதுக்கு? ஒரு வசனத்துக்கு ஒரு விநாடி தின்னுது. அப்புறம் மத்தவங்க வேற காத்துக்கிட்டு நிக்கணும்..."

"எடுத்துடலாம்" என்றாள் அக்கா, அவர் முடிப்பதற்குள்.

அன்று மாலையே அறுபத்து நான்கு வசனங்களிலிருந்தும் 'லும்'மைச் சீவித் தள்ளினாள். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. சின்ன வயசு விளையாட்டு, அவ்வளவுதானே.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். சமையலறைக் குழாய் ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. புதுக் குழாய் வாங்கி வந்திருந்தான். தொட்டிக்குக் கீழே தண்ணீரை அடைத்துவிட்டு, பழைய குழாயைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தான். அக்காவோ நடிகர்களுக்கு அனுப்ப வேண்டிய ஒலிப்பதிவை அன்றே முடித்தாக வேண்டிய அவசரத்தில் இருந்தாள். "நீ பாட்டுக்கு வேலையைப் பாருடா, நான் பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் அவனிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்திருக்கலாம். சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தாள்.

ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பதிந்தாள். பத்து நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது சமையலறையில் ஆள் இல்லை. பழைய குழாய் தொட்டிக்குள் கிடந்தது. புதுக் குழாய் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. சுவரில் குழாய் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. வாசலில் அவன் செருப்பு இல்லை.

அந்த ஓட்டையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அனுப்பிய செய்திகள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். முப்பது ஞாயிறு முகம் பார்க்காவிட்டால் அவன் ஒரேயடியாகப் போய்விடுவான், ரத்த உறவுகள் இப்படித்தான் அறுந்துபோகின்றன என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குளியலறையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிவந்து பாத்திரம் கழுவினாள். வேறு ஆளைக் கூப்பிட்டுக் குழாயை மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை.

கேட்காமல் எடுத்துக்கொண்டதுதான் குற்றம் என்று முடிவுகட்டி, அதற்குப் பரிகாரமும் தேடினாள். ஒத்திகையை இயக்குநர் ஒரு மாதம் தள்ளிவைத்திருந்ததால் அவர் கொஞ்சம் சாவகாசமாக இருந்தார். அவரிடம் பேசி, படத்தின் தொடக்கத்தில் மொழியாக்கம் என்ற இடத்தில் தம்பி பெயரும் வர வேண்டும் என்று எழுதி வாங்கினாள். காகிதத்தை உறையில் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தம்பி மனைவிதான் திறந்தாள். "வாங்கண்ணி" என்றாள். எப்போதும் வரும் சிரிப்பு வரவில்லை. தம்பி மேசையருகே உட்கார்ந்து ஏதோ ஒரு சின்ன மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. தம்பி மனைவி டீயும், ஒரு தட்டில் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நான் பண்ணது தப்புடா. உன்கிட்ட கேட்டிருக்கணும்" என்று ஆரம்பித்தாள் அக்கா.

தம்பி தலையை ஆட்டி மறுத்தான். "அ... அதில்ல. நீ க... க..."

"கேட்காம எடுத்துட்டேன், தெரியும். அதுக்குத்தான் உன் பேரையும் போடச் சொல்லி..."

"பே... பேரு வேணாம். எ... என் பேரை நானே..."

"நீயே சொல்ல முடியாதுன்னா என்ன? திரையில எழுத்துல தானே வரப்போகுது."

தம்பி கையிலிருந்த திருகாணியை மேசைமேல் வைத்தான். அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அவன் திரும்பவும் வாயைத் திறந்தான். உதடு ஒட்டிக்கொண்டு கழுத்து நரம்பு புடைத்தது. "ப... ப..."

"பணம் வேணும்னாலும்..."

"அண்ணி!" என்றாள் தம்பி மனைவி. இருபது வருஷத்தில் அவள் அக்காவிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "அவரு பேசட்டும். கொஞ்சம் சும்மா இருங்க, ப்ளீஸ்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

தம்பி குனிந்து திருகாணியை எடுத்து மேசைமேல் வைத்தான். பிறகு பேசினான். அவன் பேசியதை இங்கே நேராக எழுதிவிடலாம். அவனுக்கு அது ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. ஒவ்வொரு தடங்கலிலும் அக்காவின் நாக்கு நுனியில் அடுத்த சொல் வந்து நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாஷையை நீ என்ன வேணா பண்ணிக்கோ. ஊர் பூரா பேசட்டும், எனக்கு சந்தோஷம்தான். ஆனா கதவுக்கு வெளியில நின்னு கேட்டேன். லும் இல்ல. நீ வெட்டிட்ட. நூறு சொல் இருக்கு, வெட்டறதுக்கு உனக்கு அதுதான் கிடைச்சுதா? நான் அந்தப் பாஷையிலயும் திக்குவேன், உனக்கு ஞாபகம் இல்லையா? க, த, ப இல்லன்னா வேற எழுத்துல திக்கும். அதுல என்னால பேச முடிஞ்சதுக்குக் காரணம் எழுத்து இல்ல. நீ காத்துக்கிட்டு இருந்த. அதான்."

டீயில் ஆடை படிந்தது. அவன் இன்னும் 'லும்' சொல்லவில்லை. அக்கா காத்திருந்தாள்.

"உனக்குப் பதினாறு வயசு. பஸ் ஸ்டாப்புல உன் பிரண்ட்ஸோட நின்ன. நான் ஓடி வந்தேன். கையில வீட்டுச் சாவி."

அவளுக்கு அது நினைவிருந்தது. மூச்சிரைக்க வந்து நின்றவன், தோழிகளின் முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடியது. யாரோ சிரித்தது. அவளுக்கு வெட்கமாகப் போய், "சாவிதானே? குடு, போ" என்று வாங்கிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் அந்த மொழியில் பேசவேயில்லை. வளர்ந்துவிட்டோம், விட்டுப்போயிற்று என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"நான் சாவி குடுக்க வரல. சாவி சும்மா கையில இருந்துச்சு. அன்னிக்கு கிளாஸ்ல வாத்தியார் என்னைப் படிக்கச் சொன்னாரு. ஒரு பக்கம். முழுசாப் படிச்சேன். ஒரு இடத்துலகூட நிக்கல. யாருகிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு ஓடி வந்தேன்."

அவன் மூச்சு விட்டான்.

"லும்" என்றான்.

அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். முப்பது வருஷம். ஒரு பையன் ஒரு பக்கத்தை முழுசாகப் படித்துவிட்டு, அதைச் சொல்ல முடியாமல் முப்பது வருஷம் வைத்திருக்கிறான். அவள் ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்குச் சோறு போட்டு, அவன் வாக்கியத்தையும் முடித்துப் போட்டிருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். தட்டை இழுத்து, தன் பக்கத்துப் பிஸ்கட்டுகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்து அவன் பக்கம் வைத்தாள்.

தம்பி பார்த்தான். தட்டைத் தன் பக்கம் முழுவதுமாக இழுத்துக்கொண்டான். "ப... பத்தாது" என்றான்.

தம்பி மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்துவிட்டாள்.

"என்ன பாடம்டா அது?" என்று கேட்டாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

"த... த... த..."

காத்திருந்தாள்.

"தவளையின் ரத்த ஓட்டம்."

"அடப்பாவி! 'த'வையே போய்ப் படிச்சியா!"

"ப... பக்கம் பூரா த... தவளைதான்" என்றான் அவன். முகத்தில் பதினாலு வயதுப் பெருமை. அவன் முழுதாக மன்னித்துவிட்டான் என்று சொல்ல முடியாது. வாசல் வரை வந்தான், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. வரவும் இல்லை. திங்கட்கிழமை அக்கா இயக்குநரிடம் போனாள்.

"லும்மைத் திரும்ப வைக்கணும்."

"எல்லா வசனத்துலயுமா? ஒரு நிமிஷத்துக்கு மேல படம் நீளுமேக்கா. எடிட்டர் என்னைக் கடிச்சுத் தின்னுடுவான். அதுவும் இல்லாம..."

அவர் யோசிப்பதற்காக நிறுத்தினார். அக்கா முடித்துவைக்கவில்லை. அவர் ஒரு மாதிரியாக அவளைப் பார்த்தார். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று அவரே மேற்கொண்டு பேசும்படி ஆயிற்று. "அதுவும் இல்லாம, நடிகர்ங்களுக்கு அது பழகணும்ல. சரி, ஒரு சீனை வெச்சுப் பார்ப்போம். சரியா வரலன்னா வெட்டிடுவேன்."

"சரியா வரலன்னா பாஷையையே திருப்பிக் குடுத்துடுங்க. நான் அந்த அடித்தொண்டை பாஷையை மெத்துனு ஆக்கித் தரேன்" என்றாள் அக்கா. ஒரு சொல்லும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒத்திகையில் தீவுத் தலைவராக நடிப்பவரும் மகளாக நடிப்பவளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தலைவர் தன் வசனத்தைச் சொன்னார், 'லும்' சொல்ல மறந்துவிட்டார். மகள் பேசவில்லை, சட்டப்படி பேசக் கூடாது. தலைவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். நேரம் போயிற்று. இயக்குநர் "கட்" சொல்ல வாயைத் திறந்தார், ஏனோ மூடிக்கொண்டார். கடைசியில் தலைவருக்கு நினைவு வந்து, மெல்ல, "லும்" என்றார். அந்தப் பெண் பேச ஆரம்பித்தபோது அறையில் இருந்த எல்லோரும் அவள் சொல்வதைக் கேட்கத் தயாராக இருந்தார்கள்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் இயக்குநர்.

நடந்ததைத் தம்பிக்கு எழுதி அனுப்பலாமென்று வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தாள். ஒரு வரி எழுதினாள், அழித்தாள். 'லும் திரும்ப வந்தாச்சு' என்று மட்டும் அனுப்பிவிட்டு, குளியலறையிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். தம்பி பெயர். அவன் மனைவியாக இருக்கும் என்று நினைத்து எடுத்தாள்.

"ஹலோ?"

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "கு" என்று ஒரு ஒலி. அங்கேயே நின்றது.

அவன்தான். நாற்பத்து நான்கு வயதில், அவனாகவே போன் செய்திருக்கிறான்.

"கு... கு..."

குழாய் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. குழாயைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்? எதிரே சுவரில் ஓட்டை வேறு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனால் சாவியும் அப்படித்தான் தெரிந்திருந்தது. அக்கா அடுப்பு மேடைமேல் சாய்ந்துகொண்டாள். விரல் நுனியிலிருந்து சோப்புத் தண்ணீர் தரையில் சொட்டியது. தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை, 'ம்' கூடக் கொட்டவில்லை.

"கு... குழாயை மாட்ட, ஞா... ஞாயித்துக்கிழமை வரேன்" என்றான் தம்பி.

அக்கா இன்னும் காத்திருந்தாள்.

"லும்."

"வாடா" என்றாள்.